கெட்ட நாளில் கரை வெட்டிய சென்பி

சேகெத் ஊரில் கரை காத்துத் தண்ணீர் திறந்துவிடும் நீர்க்கட்டி சென்பி பயந்த மனிதர். இப்படிச் சொன்னால் அவர் வழி வந்தவர்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வரட்டும். அவரைப் பெற்ற சதிபியே சொல்லியிருக்கிறாள், "எம் புள்ளை முன்னால நாணல் அசைஞ்சாப் போதும், மூணு நாள் காய்ச்சல்ல படுத்துக்குவான்" என்று. தேளுக்குப் பயம், முதலைக்குப் பயம், அரண்மனை ஆள் கையிலிருக்கும் பிரம்புக்குப் பயம். கோவில் வாத்து கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தால்கூட வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவார். ஆனால் நாற்பத்தொரு வயதில் அவர் செய்த காரியத்தை எங்கள் பக்கத்தில் எந்த வீரனும் செய்ததில்லை. அதையும் அவர் பயந்துகொண்டேதான் செய்தார்.

நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. சேகெத் மேல் கரையில், வாரெத் அதற்குக் கீழே. வானத்திலிருந்து தண்ணீர் விழுவதை நாங்கள் கண்டதில்லை. வருஷத்துக்கு ஒரு முறை ஆறு ஏறிவந்து வயல்களை மூடும். மூடிய தண்ணீரை ஓடவிடாமல் மண் கரை போட்டு நிறுத்துவோம். நாற்பது நாள் அது நின்று வண்டலை இறக்கவேண்டும், மண் அடிவரைக்கும் குடிக்கவேண்டும். பிறகு கரையை வெட்டி, தண்ணீரைக் கீழூருக்கு விடவேண்டும். சேகெத் குடித்து முடித்த தண்ணீர்தான் வாரெத்துக்கு வரும். அந்த நடுக்கரைதான் சென்பியின் பொறுப்பு. அவருடைய அப்பாவும், அப்பாவின் தாய்மாமனும் பார்த்த வேலை. இரண்டு ஊரிலும் வயலுக்கு ஒரு கதிர்க்கட்டு கூலி. கூலியோடு ஒரு சத்தியமும் உண்டு. தண்ணீரை அதன் வேளை தப்பி மறிக்கமாட்டேன் என்று நைல் சாமி ஹபியின் பேரில் வருஷா வருஷம் சொல்லவேண்டும். செத்த பிறகு சாமிகள் நம் நெஞ்சைத் தராசில் வைத்து நிறுக்கும்போதும் இந்தக் கேள்வி வருமல்லவா? மற்றவர்களுக்குப் பல கேள்விகளில் அது ஒன்று. நீர்க்கட்டிக்கு அது ஒன்றுதான் கேள்வி.

சென்பிக்கும் அவர் மனைவி தெதெத்துக்கும் ஒரே மகள், இபெத். அவளை வாரெத்தில்தான் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அண்ணன் படகுக்காரன், நக்தி என்று பேர். தெற்கே போகும்போது பாயை விரித்துக் காற்றில் போவான், வடக்கே வரும்போது ஆற்றோட்டத்தில் வருவான். வாரெத்தின் சணல்துணியையும் பாயையும் ஏற்றிப்போய் எண்ணெயும் உப்புமீனும் கொண்டுவருவான். ஆற்றில் ஏதாவது விஷயம் இருந்தால் முதலில் அவன் வாய்க்குத்தான் வரும்.

அந்த வருஷம் ஆறு ஏறத் தொடங்கிய பத்தாம் நாள் நக்தி தெற்கிலிருந்து வந்து சேகெத் துறையில் படகைக் கட்டினான்.

"என்ன மாமா, கரையைத் தடவிக் குடுத்துக்கிட்டு இருக்கீங்க? பால் கறக்கப் போறீங்களா?"

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு. மேல என்ன சேதி?"

நக்தியின் சிரிப்பு நின்றது. "யானைத்தீவுல ஆத்துப் படிக்கட்டுல தண்ணியை அளந்து பாத்துட்டாங்க மாமா. போன வருஷத்துக்கு மூணு முழம் கம்மி. அங்க எண்ணெய் வாங்கப் போனா, நேத்து வரைக்கும் துணிக்கு எண்ணெய் குடுத்தவன் இன்னைக்கு ஜாடியையே உள்ள எடுத்து வச்சுட்டான். சேதி தெரிஞ்சவன் எவனும் களஞ்சியத்தைத் திறக்கல."

"இபெத்துக்குச் சொன்னியா?"

"ஏழு மாசம் மாமா அவளுக்கு. நான் எப்படிச் சொல்றது?"

அவன் சொன்னபடியே ஆயிற்று. தண்ணீர் வந்தது, ஆனால் ஏறவில்லை. மற்ற வருஷங்களில் ஆள் உயரம் நிற்கும் இடத்தில் இடுப்பளவுதான் நின்றது. சென்பி கரையோரம் ஒரு நாணல் குச்சியை நட்டு, விரற்கடை விரற்கடையாகக் கோடு கீறினார். வாய்க்கால் வாசலின் படிமட்டத்துக்கும் ஒரு கோடு போட்டார். தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், கரையை எத்தனை அகலம் வெட்டினாலும் வாரெத்துக்கு ஒரு சொட்டும் போகாது. வெயில் குடித்தது, மண் குடித்தது. முப்பத்தைந்தாம் நாள் குச்சியைப் பார்த்தார். படிமட்டத்துக்கு மேல் ஒன்பது விரற்கடை மிச்சம். நாற்பதாம் நாள் வெட்டினால் வாரெத்துக்கு முழங்கால் அளவுக்காவது போய்ச் சேரும்.

நாற்பதாம் நாள் பன்னிரண்டாம் மாதத்தின் கடைசி நாளாக வந்து விழுந்தது. அதற்கு மறுநாளிலிருந்து ஐந்து கெட்ட நாட்கள். பன்னிரண்டு மாதத்திலும் சேராத, வருஷத்தின் வாலில் தொங்கும் நாட்கள் அவை. சிங்கமுகத்துச் செக்மெத் தன் ஏவலாட்களை அப்போதுதான் அவிழ்த்துவிடுவாள். கண்ணுக்குத் தெரியாத அம்பு போட்டுக் காய்ச்சலும் கொள்ளைநோயும் பரப்புவார்கள். யாரும் செம்பாலோ மரத்தாலோ மண்ணை வெட்டமாட்டார்கள். பன்னிரண்டு முடிச்சுப் போட்ட துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் கிடப்பார்கள். சென்பியின் தாத்தா காலத்தில் இந்த நாட்கள் விதைப்பெல்லாம் முடிந்த பிறகு வந்துகொண்டிருந்தன. அரண்மனை வருஷமும் ஆற்றின் வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போய், இவர் காலத்தில் சரியாகக் கரை வெட்டும் நேரத்தில் வந்து நின்றன.

கரையை நீர்க்கட்டி தன்னிச்சையாக வெட்ட முடியாது. ஊர்த் தலைவர் வரவேண்டும், ஹபிக்கு ரொட்டியும் பீரும் ஒரு வாத்தும் படைக்கவேண்டும், முதல் வெட்டு அவர் வெட்டவேண்டும். சேகெத்தின் தலைவன் அன்கு. சென்பியைவிட ஆறு வயது இளையவன், வீட்டில் பதினோரு வாய். அவன் வயல்கள் எல்லாம் தெற்கு மேட்டில். மேட்டு மண் இன்னும் சரியாகக் குடிக்கவில்லை.

நாற்பதாம் நாள் காலையில் சென்பி போய் அழைத்தபோது அன்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான்.

"வயித்தைக் கலக்குதுண்ணே. நீங்க போங்க, மத்தியானத்துக்குள்ள வந்துர்றேன்."

மத்தியானம் போனார். "வெயில் கொஞ்சம் தாழட்டும்ணே. என்ன, தண்ணி ஓடியா போயிரும்?"

"ஓட விடணும்னுதான் தம்பி கூப்பிடுறேன்."

சாயங்காலம் போனார். அன்கு எழுந்து உட்கார்ந்து வெங்காயமும் ரொட்டியும் தின்றுகொண்டிருந்தான். "வாத்து இன்னும் வரலைண்ணே. வாத்து இல்லாம வெட்டுனா சாமி கோவிச்சுக்காதா?"

"எங்கிட்ட ஒரு வாத்து இருக்கு."

"உங்களைத் துரத்துற வாத்தா? அதைப் பிடிக்கவே ரெண்டு நாள் ஆகும்." அவன் வீட்டார் சிரித்தார்கள். அன்கு சிரிக்கவில்லை. கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தான். "அண்ணே, எம் மேட்டு மண்ணு இன்னும் வெடிப்பு மூடல. இன்னும் அஞ்சு நாள் நின்னா எம் புள்ளைங்க இந்த வருஷம் தப்பிக்கும். நான் மறிச்சேன்னு யாரு சொல்லுவா? நாளு மறிக்குது."

சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் இறங்கியது. சென்பி கரையில் ரொட்டிக்கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து மூன்று முறை நடந்ததில் கால் வீங்கிவிட்டது. பெரிய மனிதன் வருவான் வருவான் என்று காத்திருந்த அந்த ஒரு பகல்தான் அவர் செய்த தப்பு. பயந்தவர்கள் மட்டுமே செய்கிற தப்பு அது.

முதல் கெட்ட நாள் வீட்டுக்குள் கழிந்தது. சேகெத்தில் ஒரு அடுப்பும் புகையவில்லை. நாய்கள்கூட நிழலில் ஒடுங்கிக் கிடந்தன. சென்பியின் வீடு கரைக்குப் பக்கத்து மேட்டில் இருந்ததால் கூரையில் ஏறினால் குச்சி தெரியும். ஏறமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். பிறகு ஏறினார். இறங்கினார்.

"எத்தனை?" என்று கேட்டாள் தெதெத்.

"மூணு."

"நேத்து அஞ்சு இருந்துச்சே!"

"இன்னைக்கு மூணு."

 தெதெத் கழுத்து முடிச்சைத் திருகிக்கொண்டே சொன்னாள், "அவ வயித்துல புள்ளை. அந்த ஊருல களஞ்சியம் காலி. அன்கு பொண்டாட்டி போன வாரம் எங்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? வாரெத்துக்காரங்க வேணும்னா அல்லித்தண்டு பிடுங்கித் தின்னட்டும்னா."

"நான் என்ன செய்ய?"

"நீங்க என்ன செய்வீங்க! வாத்து வந்தாலே ஓடுவீங்க." சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

இரண்டாம் நாள் காலையில் குச்சியில் இரண்டு கோடுதான் மிச்சம் இருந்தது. நாளைக்கு அதுவும் போய்விடும். மூன்றாம் நாள் கலகச்சாமி சேத் பிறந்த நாள். ஐந்திலும் அதுதான் கொடியது. அன்று வெளியே வந்தவன் வீடு திரும்பியதாக எங்கள் வம்சத்தில் யாரும் சொல்லக் கேட்டதில்லை.

உச்சி வெயிலில் சென்பி மண்வெட்டியை எடுத்தார். தெதெத் பார்த்துக்கொண்டே இருந்தாள், தடுக்கவில்லை. அவர் இன்னொரு முடிச்சுத் துணியை எடுத்துக் கழுத்தில் கட்டினார், இடுப்பில் ஒன்று கட்டினார், மண்வெட்டிக் காம்பிலும் ஒன்று கட்டினார். கதவைத் திறந்தார். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு நடந்தார்.

வெளியே ஒரு சத்தமும் இல்லை. மற்ற நாளில் அந்த நேரத்தில் கொக்கும் தவளையும் ஆட்டுக்குட்டியும் கத்தும். தண்ணீர் தகடு மாதிரி கிடந்தது. அவர் காலடிச் சத்தம் அவருக்கே யாரோ பின்னால் வருவதுபோலக் கேட்டது. திரும்பினால் பார்த்துவிடுவோமோ என்று திரும்பவில்லை. காதோரம் ஒரு கொசு பறந்தது. அம்பு என்று நினைத்து உட்கார்ந்துவிட்டார். கொசு கடித்தது. கடித்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார், விரலில் ரத்தம். 'தொடங்கியாச்சு' என்று நினைத்துக்கொண்டார். இனிமேல் திரும்பிப்போயும் பிரயோஜனமில்லை என்று எழுந்து நடந்தார்.

முதல் வெட்டு வெட்டும்போது கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்தது, அதற்கடுத்தது. காய்ந்த மேல்மண் கல்லாக இருந்தது. உள்மண் ஈரம். பாதிக் கரை குறைந்தபோது உண்மையாகவே பின்னால் காலடிச் சத்தம் வந்தது.  வந்தது தெதெத். தலைமுதல் கால்வரை படுக்கைத் துணியைச் சுற்றிக்கொண்டு, கையில் மண் கொத்தும் கட்டையோடு நின்றாள்.

"தள்ளுங்க. இந்த வேகத்துல வெட்டுனா வருஷப்பிறப்பு வந்துரும்."

"ஏன்டீ வந்தே? ரெண்டு பேரையும் கொண்டுபோவாங்க."

"தனியா இருந்தா எனக்குப் பயமா இருக்கு."

இருவரும் வெட்டினார்கள். ஊருக்குள் யாரோ பார்த்துவிட்டார்கள். ஒரு கூரையில் அன்குவின் தலை தெரிந்தது. "அண்ணே! வேண்டாம்ணே! எங்க எல்லார் தலையிலயும் விடியும்ணே!" என்று கத்தினான். ஆனால் இறங்கி வரவில்லை. ஒருவனும் வரவில்லை. எந்தப் பயம் கரையைக் காத்ததோ அதே பயம் அவர்களைக் கூரையிலேயே கட்டிப்போட்டது. தண்ணீர் முதலில் கயிறு அளவு இறங்கியது, பிறகு ஒரு ஆட்டின் அகலம், அப்புறம் மண்ணைப் பிடுங்கிக்கொண்டு வாரெத்தைப் பார்த்து ஓடியது. சென்பியும் தெதெத்தும் கரையின் வடக்குப் பக்கம் குதித்து, தண்ணீரோடு தண்ணீராகக் கீழூருக்கு ஓடினார்கள். திரும்பிப் போக இனி வீடு இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

வாரெத்தில் அவர்களை யாரும் கட்டிப்பிடித்து வரவேற்கவில்லை. தண்ணீர்ச் சத்தம் கேட்டுக் கெட்ட நாளையும் மறந்து வெளியே வந்த ஜனம் முழுக்க, வீட்டு மேட்டை விட்டு இறங்காமல் கூடி நின்று, வயலில் பரவும் தண்ணீரைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழ்க்கோடி வரை போய்ச் சேரும்போது சேத் நாள் விடிந்துவிட்டது. வாய்க்காலில் தரைதட்டிக் கிடந்த நக்தியின் படகு மெல்ல மிதந்து அசைந்தது. அதில் ஏறக்கூட அவன் மனசு வைக்கவில்லை.

"மாமா, கிட்ட வராதீங்க. அங்கயே நில்லுங்க" என்றான்.

"ஏன்டா? தண்ணி கொண்டுவந்திருக்கேன்டா."

"அதுதான் மாமா. சேத் நாள்ல வந்த தண்ணி. இதுல விதைச்சா விஷம்தான் விளையும்கிறாங்க. இப்ப மண்வெட்டி எடுக்க முடியாது. வருஷப்பிறப்பு விடிஞ்சதும் நம்ம கரையை வெட்டி ஆத்துலயே விட்டுரலாம்னு பேசிட்டாங்க."

 எதற்காகச் சென்பி தன் உயிரைப் பணயம் வைத்தாரோ அது இவர்கள் கையாலேயே ஆற்றுக்குப் போகப்போகிறது. வாரெத்துப் பெரியவர் ஹெனு மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சென்பி அவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"பெரியவரே, இந்தத் தண்ணியில அம்பு இருந்தா முதல்ல யாரு மேல பாயணும்?"

"வெட்டுனவன் மேல."

"நான் இதுலயே நிக்கிறேன். இதையே குடிக்கிறேன். வருஷப்பிறப்பு விடியுறப்ப நான் விழுந்து கிடந்தா வெட்டி விட்டுருங்க. நின்னா விட்டு வைங்க."

ஹெனு, "நில்லு" என்றார்.

சென்பி சொல்லிவிட்டாரே தவிர, தண்ணீருக்குள் இறங்கும்போது அவருக்குப் பல் தந்தியடித்தது. இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார். சேறு நாறியது. ஜனம் பார்த்துக்கொண்டே இருந்தது. பகல் முழுக்க ஒரு பள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றார், இருட்டியதும் அங்கேயே ஒரு மண்திட்டில் குந்தினார். காலில் அட்டை ஒட்டினால் ஏவலாள் பிடித்ததாக நினைப்பார். காற்று நின்றால் நினைப்பார், வீசினாலும் நினைப்பார். தெதெத் கரையிலிருந்து, "ஏங்க, இருக்கீங்களா?" என்று நாழிகைக்கு ஒரு தரம் கேட்டாள். "இருக்கேன், இருக்கேன்" என்று பதில் வந்தது. நான்காம் நாளும் போயிற்று.

ஐந்தாம் நாள் மத்தியானம் அவருக்கு உடம்பு சுட்டது.

முதலில் முதுகுத்தண்டில் ஒரு குளிர், அப்புறம் கொதிப்பு. கொசு கடித்த இடம் ஒன்றல்ல, நூறு. சென்பி ஒன்றும் சொல்லவில்லை. வாரெத் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. குனிந்து முகத்தைக் கழுவினார். நடுங்கும் கையை இடுப்புத் துணிக்குள் செருகிக்கொண்டார். ஆனால் மேட்டிலிருந்த இபெத்துக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால் இடது தோள் மட்டும் உயரும், அது அவளுக்குச் சின்ன வயசிலிருந்து தெரியும்.

அவள் இறங்கி வந்தாள். மாமியார், "அடியே, புள்ளையோட அதுல எறங்காதே!" என்று கூவினாள். நக்தி கையைப் பிடித்தான். உதறிவிட்டு வயிற்றைத் தாங்கிக்கொண்டு தண்ணீருக்குள் வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றாள்.

"போ தாயி, போயிரு" என்றார் சென்பி, உதடு அசையாமல். "வந்துருச்சு. என்னைப் பிடிச்சிருச்சு."

"தெரியும்பா. சத்தம் போடாதீங்க. தோளை இறக்குங்க."

"உனக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு. என் மேல சாய்ஞ்சுக்குங்க. பேசுற மாதிரி சாயுங்க."

அப்பாவும் மகளும் ஊர்க்கதை பேசுகிறார்கள் என்று ஜனம் நினைத்தது. அவள் சிரித்தாள்கூட. அவர் உடம்பின் சூடு அவள் தோளை எரித்தது. கடைசி இரவு தெதெத்தும் வந்துவிட்டாள். திட்டில் மூன்று பேரும் ஒட்டிக்கொண்டு குந்தியிருந்தார்கள். அவர் உளறத் தொடங்கும்போதெல்லாம் இபெத் அவர் வாயில் தன் துணியை வைத்து அழுத்தினாள்.

விடிந்தது. ஹெனு மண்வெட்டிக்காரர் நான்கு பேரோடு வந்தார். சென்பி தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். ஒரு பக்கம் மனைவி, ஒரு பக்கம் மகள்.

"சென்பி, எப்படி இருக்கே?"

பல் கிட்டியிருந்தது. சென்பி தாடையை முயற்சி பண்ணித் திறந்தார். "பசிக்குது பெரியவரே. மூணு நாளா ஊருத் தண்ணியையே குடிச்சிருக்கேன், ஒருத்தனும் ஒரு ரொட்டி குடுக்கல."

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு ஊரே சிரித்தது. மண்வெட்டிக்காரர்களில் ஒருவன் மண்வெட்டியைக் கீழே போட்டான். நக்தி செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் காலை வைத்து, உடனே எடுத்து, மறுபடி வைத்தான். ஹெனு, "நிக்கட்டும் தண்ணி" என்றார். ஊர் கலைந்து பண்டிகைக்குப் போன பிறகுதான் இபெத் அப்பாவைக் கீழே விட்டாள். பதினேழு நாள் நினைவில்லாமல் கிடந்து எழுந்தார்.

அந்த வருஷம் வாரெத்தில் பார்லி அரை விளைச்சல், சணல் கொஞ்சம். யாரும் பட்டினியில் சாகவில்லை. சேகெத்தில் அன்குவின் கடைசிப் பையன் காய்ச்சலில் போய்விட்டான். சென்பிதான் ஏவிவிட்டார் என்று அன்கு சாகும்வரை சொன்னான். சென்பி மறுத்ததில்லை. பத்தொன்பது வருஷம் வாரெத் துறையில் பாய் முடைந்து வாழ்ந்தார். சேகெத் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இபெத்துக்குப் பிறந்தது பெண். அவள் மகள் வழியில் நாங்கள் இன்று முப்பத்தொரு பேர் இருக்கிறோம். காய்ச்சலை மறைத்த கதையை இபெத் தன் அப்பாவை அடக்கம் பண்ணிய பிறகுதான் வெளியே சொன்னாள். கேட்டபோது ஹெனுவின் பேரன்கள் முகம் வெளுத்து, அந்த வருஷத்து ரொட்டியைத் தின்றவர்கள் யார் யார் என்று விரல்விட்டு எண்ணினார்களாம். அந்தக் காய்ச்சல் கொசுவால் வந்ததா, அம்பால் வந்ததா, எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அந்த ஐந்து நாட்களில் எங்கள் வீடுகளில் ஒருவரும் வெளியே போவதில்லை.